தந்தை வழியா, தாய் வழியா? மரபணு முத்திரையிடல்: ஓர் எளிய விளக்கம்

பள்ளியில் மெண்டலின் பட்டாணிச் செடிகளைப் பற்றிப் படித்தவர்களுக்கு ஒரு விதி மனத்தில் தங்கியிருக்கும். உயரச் செடியின் மகரந்தத்தைக் குட்டைச் செடியின் பூவில் தூவினாலும், குட்டைச் செடியின் மகரந்தத்தை உயரச் செடியின் பூவில் தூவினாலும், அடுத்த தலைமுறைச் செடிகள் எல்லாம் உயரமாகவே வளர்ந்தன. ஒரு மரபணு ஆண் வழியாக வந்ததா, பெண் வழியாக வந்ததா என்பது விளைவை மாற்றுவதில்லை என்பதே அதன் பொருள். மனித மரபணுக்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இந்த விதி இன்றும் பொருந்துகிறது. ஆனால் நம்மிடம் உள்ள ஏறத்தாழ 20,000 மரபணுக்களில் நூறு அளவிலானவை இதற்குக் கட்டுப்படுவதில்லை. தந்தையிடமிருந்து வந்தால் இயங்கி, தாயிடமிருந்து வந்தால் அடங்கியிருப்பவை சில; அதற்கு நேர்மாறாக நடந்துகொள்பவை வேறு சில.

இந்த நிகழ்வை மரபணு முத்திரையிடல் என்கிறோம். ஜெனோமிக் இம்ப்ரின்டிங் என்ற பெயரிலும் இது வழங்குகிறது. எண்ணிக்கையில் சிறிய கூட்டமாக இருந்தாலும் இந்த மரபணுக்கள் கருவின் வளர்ச்சி, நஞ்சுக்கொடியின் உருவாக்கம், மூளையின் செயல்பாடு ஆகியவற்றை ஆள்கின்றன. இவற்றில் நேரும் பிழை குழந்தையின் வாழ்நாள் முழுவதையும் பாதிக்கக்கூடும்.

இதைப் பற்றி வாட்ஸ்அப் செய்திகளிலும் காணொளிகளிலும் சொல்லப்படுபவை பெரும்பாலும் வேறு எதையோ பற்றியவை. "குழந்தையின் அறிவு தாயிடமிருந்து மட்டுமே வருகிறது" என்பது ஒன்று. "பாட்டி பட்ட பசி பேரனின் மரபணுவில் முத்திரையாகப் பதிந்திருக்கிறது" என்பது இன்னொன்று. முக ஜாடை யாருடையது என்ற பேச்சிலும் இந்தச் சொல்லை இழுத்து வருகிறார்கள். ஆகவே அடிப்படையிலிருந்து தொடங்கி, முத்திரை என்பது என்ன, அது எங்கே இடப்படுகிறது, எப்போது அழிகிறது, பிழைத்தால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எல்லாம் இரண்டு பிரதி

நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள் உள்ளன. குரோமோசோம் என்பது டி.என்.ஏ. என்னும் மிக நீண்ட இழை சுருண்டு அடங்கிய வடிவம். இவற்றில் 23 தந்தையின் விந்தணு வழியாகவும் 23 தாயின் கருமுட்டை வழியாகவும் வந்தவை. டி.என்.ஏ. இழையில், ஒரு குறிப்பிட்ட புரதத்தையோ அதைப் போன்ற ஒரு மூலக்கூறையோ உருவாக்குவதற்கான செய்முறை எழுதப்பட்டுள்ள பகுதியே மரபணு. பாலினக் குரோமோசோம்களை ஒதுக்கிவைத்தால், ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது.

ஒரு பெண்ணுக்குத் திருமணத்தின்போது தாய் வீட்டிலிருந்து ஒரு சமையல் குறிப்பேடும், தந்தையின் பிறந்த வீட்டிலிருந்து ஒரு சமையல் குறிப்பேடும் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் அதே பதார்த்தங்கள், அதே பக்க எண்கள். அளவுகளில் மட்டும் சிறு வேறுபாடுகள் உண்டு. பெரும்பாலான பக்கங்களை அவள் இரண்டு ஏடுகளிலிருந்தும் பார்த்துச் சமைக்கிறாள். ஆனால் தாய் வீட்டு ஏட்டில் சில பக்கங்களின் மேல் காகிதம் ஒட்டி மறைத்திருக்கிறார்கள். தந்தை வீட்டு ஏட்டில் வேறு சில பக்கங்கள் மறைக்கப்பட்டிருக்கின்றன. ஒட்டிய காகிதத்தின் அடியில் எழுத்து அப்படியே இருக்கிறது, ஒரு சொல்லும் அழியவில்லை. படிக்க மட்டும் முடியாது. அந்தப் பதார்த்தத்துக்கு அவள் மற்ற ஏட்டை மட்டுமே நம்பியாக வேண்டும்.

மரபணு முத்திரையிடல் இதுதான். செய்முறையின் எழுத்துகள் மாறுவதில்லை. எந்தப் பெற்றோரின் பிரதியைப் படிக்கலாம் என்பது முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கிறது. இதிலிருந்து ஓர் ஆபத்தும் பிறக்கிறது. படிக்கக்கூடிய ஒரே பக்கம் கிழிந்துபோனால், மாற்றுப் பிரதி கையில் இருந்தும் பயனில்லை.

1984-ல் எலிக் கருக்கள் காட்டிய உண்மை

தாயின் பங்கும் தந்தையின் பங்கும் ஒன்றுக்கொன்று ஈடல்ல என்பது 1984-ல் உறுதியாயிற்று. கென்யாவில் பிறந்து கேம்பிரிட்ஜில் பணியாற்றிய அசிம் சுரானியின் குழுவும், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் டாவோர் சோல்டர், ஜேம்ஸ் மெக்ராத் ஆகியோரும் தனித்தனியே ஒரே வகைச் சோதனையைச் செய்தார்கள்.

கருமுட்டைக்குள் விந்தணு புகுந்தவுடன் இரண்டின் மரபுப் பொருளும் கலந்துவிடுவதில்லை. சில மணி நேரம் அவை முட்டைக்குள் இரண்டு தனி உட்கருக்களாகத் தெரியும். அந்த இடைவெளியில், நுண்ணிய கண்ணாடிக் குழாயைக் கொண்டு ஒன்றை வெளியே எடுத்து, வேறு முட்டையிலிருந்து எடுத்த மற்றொன்றை உள்ளே வைக்க முடியும். இவ்வாறு இரண்டு தாய் உட்கருக்கள் மட்டும் கொண்ட எலிக் கருக்களையும், இரண்டு தந்தை உட்கருக்கள் மட்டும் கொண்ட எலிக் கருக்களையும் அவர்கள் உருவாக்கினார்கள். குரோமோசோம் எண்ணிக்கை சரியாக இருந்தது. எந்த மரபணுவும் குறையவில்லை. மெண்டலின் விதி மட்டுமே உண்மையாக இருந்திருந்தால் அவை பிறந்திருக்க வேண்டும். ஒன்றும் பிறக்கவில்லை.

அவை அழிந்த விதம்தான் இன்னும் கவனிக்கத்தக்கது. இரண்டும் தாயுடையவையாக இருந்தபோது கரு ஓரளவு நல்ல உருவம் பெற்றது, ஆனால் நஞ்சுக்கொடியாக வளர வேண்டிய திசுக்கள் மிகவும் நலிந்திருந்தன. இரண்டும் தந்தையுடையவையாக இருந்தபோது அந்தத் திசுக்கள் செழித்தன, ஆனால் கரு மிகவும் பின்தங்கியிருந்தது.

மனிதரிடம் இதற்கு இணையான நிகழ்வுகள் சோதனை எதுவும் இல்லாமலே நேர்கின்றன. தமிழில் முத்துப்பிள்ளை என்று சொல்லப்படும் கர்ப்பத்தின் முழுமையான வகையில், உட்கரு இழந்த ஒரு முட்டைக்குள் விந்தணு புகுந்து தன் குரோமோசோம்களை இரட்டித்துக்கொள்கிறது. சில சமயம் இரண்டு விந்தணுக்கள் புகுவதும் உண்டு. இரண்டு தொகுதியும் தந்தையுடையவை. கருப்பையில் குழந்தை உருவாவதில்லை, நஞ்சுக்கொடித் திசு மட்டும் திராட்சைக் கொத்துப் போலக் கொப்புளங்களாகப் பெருகுகிறது. மாறாக, பெண்ணின் சூலகத்தில் ஒரு முட்டைச் செல் விந்தணுவே இல்லாமல் தானாகப் பிரியத் தொடங்கினால், முடியும் பல்லும் தோலும் கலந்த ஒருவகைக் கட்டி தோன்றலாம். அதில் உடலின் பல திசுக்கள் இருக்கும், நஞ்சுக்கொடி மட்டும் இருக்காது. நூற்றாண்டுகளாக மருத்துவர்கள் கண்டு திகைத்த இந்த இரண்டுக்கும் விளக்கம் அந்த எலிச் சோதனைகளுக்குப் பிறகே முழுமையாகக் கிடைத்தது.

பாலூட்டிகளில் ஆணின்றிப் பெண் மட்டும் இனம் பெருக்க முடியாததற்கு இதுவே முக்கியக் காரணம். பறவைகளிடமும் ஊர்வனவற்றிடமும் இத்தகைய முத்திரையிடல் காணப்படவில்லை. அதனால்தான் 2006-ல் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக் காட்சிசாலையில் ஒரு கொமோடோ உடும்பு ஆணுடன் சேராமலேயே இட்ட முட்டைகளிலிருந்து 2007 தொடக்கத்தில் குஞ்சுகள் வெளிவர முடிந்தது. நம் ஊர்ப் பூந்தொட்டி மண்ணில் மண்புழு போல நெளியும் சிறிய புழுப்பாம்பு இனத்தில் இருப்பவை எல்லாம் பெண்களே.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதிகளாக உள்ளது. ஒரு சிறு பகுதி மரபணுக்களில், எந்தப் பெற்றோரிடமிருந்து வந்தது என்ற குறி அந்தப் பிரதியின் மேலேயே இருக்கிறது. அதனால் இரண்டு தாய்ப் பிரதிகளோ இரண்டு தந்தைப் பிரதிகளோ சேர்ந்து ஒரு குழந்தையை உருவாக்கிவிட முடியாது.

முத்திரை எதனால் ஆனது

குறிப்பேட்டில் ஒட்டிய காகிதத்துக்கு இணையாகச் செல்லுக்குள் இருப்பது மெத்தில் என்னும் மிகச் சிறிய வேதித் தொகுதி. ஒரு கார்பன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் மட்டுமே கொண்டது அது. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் மீது இது இணைகிறது. இந்த இணைப்புக்கு மெத்திலேற்றம் என்று பெயர். எழுத்து சைட்டோசினாகவே நீடிக்கிறது. அதன் மேல் ஒரு குறி ஏறியிருக்கிறது, அவ்வளவே.

மெத்திலேற்றம் முத்திரையிடலுக்கு மட்டும் உரியதன்று என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஈரல் செல்லில் மூளைக்குரிய மரபணுக்கள் அடங்கியிருப்பதிலும், பெண்களின் செல்களில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று ஒடுங்கியிருப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. எழுத்தை மாற்றாமல் மரபணுவின் இயக்கத்தை மாற்றும் இத்தகைய குறிகள் அனைத்தையும் ஆராயும் துறை எபிஜெனடிக்ஸ் எனப்படுகிறது. முத்திரையிடல் அந்தத் துறையின் ஒரு சிறிய, மிகத் தெளிவான கிளை. துறையைப் பற்றிச் சொல்லப்படும் ஒவ்வொன்றையும் இந்தக் கிளையின் மேல் ஏற்றுவதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது டி.என்.ஏ. நகலெடுக்கப்படுகிறது. புதிய இழையில் மெத்தில் குறிகள் இருப்பதில்லை. பழைய இழையைப் பார்த்து அதே இடங்களில் புதிய இழைக்கும் குறியிடும் ஒரு நொதி நம் செல்களில் உள்ளது. அதனால்தான் ஒரே செல்லாகத் தொடங்கிய கரு கோடிக்கணக்கான செல்களாகப் பெருகிய பிறகும், "இது தாயின் பிரதி, இது தந்தையின் பிரதி" என்ற தகவல் ஒவ்வொரு செல்லிலும் தொடர்கிறது.

அழிப்பும் மறு எழுத்தும்

தந்தையிடமிருந்து பெற்ற பிரதியை ஒரு பெண் தன் குழந்தைக்குக் கொடுக்கும்போது என்ன நடக்கிறது என்று இங்கே கேட்க வேண்டும். அந்தப் பிரதி அவளுடைய தந்தையின் முத்திரையோடு அவளுக்கு வந்தது. ஆனால் குழந்தையைப் பொறுத்தவரை அது தாயிடமிருந்து வருவது. ஆகவே தாயின் முத்திரையைத் தாங்கியிருக்க வேண்டும்.

இதற்கான ஏற்பாடு வியக்கத்தக்கது. ஒரு கரு தாயின் வயிற்றில் இருக்கும்போதே, பிற்காலத்தில் அதன் முட்டைகளாகவோ விந்தணுக்களாகவோ மாறப்போகும் செல்கள் தனியே ஒதுங்குகின்றன. அந்தச் செல்களில் மட்டும் பழைய முத்திரைகள் அனைத்தும் அழிக்கப்படுகின்றன. பின்னர், அந்தக் கரு ஆணாக இருந்தால் எல்லாப் பிரதிகளிலும் ஆண் முத்திரை இடப்படுகிறது. பெண்ணாக இருந்தால் எல்லாப் பிரதிகளிலும் பெண் முத்திரை இடப்படுகிறது. ஆணில் இந்த வேலை அவன் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பெண்ணில் அப்படியல்ல. பிறந்த பிறகு, ஒவ்வொரு முட்டையும் முதிர்ந்து வளரும் கட்டத்தில்தான் முத்திரை ஏறுகிறது.

நம் குறிப்பேட்டு உவமையில் இதைச் சொன்னால், அந்தப் பெண் தன் இரண்டு ஏடுகளையும் கலந்து தன் குழந்தைக்கு ஓர் ஏட்டை உருவாக்கும்போது, முன்பு ஒட்டியிருந்த காகிதங்களை எல்லாம் பிரித்தெடுத்துவிட்டு, தாய்மார்கள் எந்தப் பக்கங்களில் ஒட்டுவது வழக்கமோ அந்தப் பக்கங்களில் புதிதாக ஒட்டுகிறாள். அவளுடைய அண்ணன் தன் குழந்தைக்கு ஏடு தயாரித்தால், அதே பக்கங்களைக் கொண்டே, தந்தைமார் வழக்கப்படி ஒட்டுகிறான்.

கருத்தரித்த சில நாட்களில் இன்னொரு சோதனையையும் முத்திரைகள் தாண்ட வேண்டியிருக்கிறது. புதிய கருவில் மெத்தில் குறிகள் பெருமளவில் துடைக்கப்படுகின்றன. எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய நிலையை அடைய இது தேவை. அந்தத் துடைப்பில் பெற்றோர் முத்திரைகள் மட்டும் தப்புகின்றன. அவை இருக்கும் இடங்களைக் குறிப்பாக அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் பாதுகாப்புப் புரதங்கள் உண்டு. முத்திரைகளைச் சாதாரண மெத்தில் குறிகளிலிருந்து வேறுபடுத்துவது இந்தப் பாதுகாப்பே.

சுருக்கமாக: முத்திரை ஒருவருடைய உடலில் வாழ்நாள் முழுவதும் நிலைக்கிறது. ஆனால் அவருடைய முட்டைகளிலோ விந்தணுக்களிலோ அது அழிந்து, அவருடைய பாலினத்துக்கு ஏற்பப் புதிதாக எழுதப்படுகிறது. அது ஒரு தலைமுறை மட்டுமே நீடிக்கும் குறி.

ஒரு மரபணுவை அருகில் சென்று பார்ப்போம்

மனிதரின் 11-ஆம் குரோமோசோமில் ஐ.ஜி.எஃப்.-2 என்னும் மரபணு உள்ளது. அது உருவாக்கும் புரதம் கருவின் வளர்ச்சியைத் தூண்டுகிறது. இதே மரபணு எலியிலும் உண்டு. 1991-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் டிகியாரா, எலிசபெத் ராபர்ட்சன், ஆர்கிரிஸ் எஃப்ஸ்ட்ராடியாடிஸ் ஆகியோர் இதைப் பற்றிய முக்கிய முடிவை வெளியிட்டார்கள். செயலிழந்த ஐ.ஜி.எஃப்.-2 மரபணுவைத் தந்தையிடமிருந்து பெற்ற எலிக் குட்டிகள் இயல்பான எடையில் ஏறத்தாழ 60 சதவீதமே இருந்தன. அதே செயலிழந்த மரபணுவைத் தாயிடமிருந்து பெற்ற குட்டிகள் முற்றிலும் இயல்பாக இருந்தன. பழுது ஒன்றே, வந்த வழி வேறு, விளைவும் வேறு. தாயின் பிரதி முன்பே அடங்கியிருந்ததால், அது பழுதானதும் நல்லதும் குட்டிக்கு ஒன்றாகவே இருந்தது.

தாயின் பிரதி எப்படி அடக்கப்படுகிறது? இங்கே காகித உவமை போதாமல் போகிறது. உண்மை அதைவிட நுட்பமானது. ஐ.ஜி.எஃப்.-2 மரபணுவுக்குப் பக்கத்தில் எச்-19 என்னும் மற்றொரு மரபணு உள்ளது. இரண்டையும் இயக்கும் தூண்டுபகுதி, அதாவது மரபணுவின் இயக்கத்தை முடுக்கிவிடும் டி.என்.ஏ. துண்டு, எச்-19 மரபணுவுக்கு அப்பால் இருக்கிறது. ஐ.ஜி.எஃப்.-2, எச்-19 ஆகிய இரண்டுக்கும் இடையே ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி உண்டு. தாயின் பிரதியில் அந்தக் கட்டுப்பாட்டுப் பகுதியில் மெத்தில் இல்லை. ஆகவே சி.டி.சி.எஃப். என்னும் புரதம் வந்து அங்கே அமர்ந்து தடுப்பாக நிற்கிறது. தூண்டுபகுதியின் செல்வாக்கு அதைத் தாண்டி ஐ.ஜி.எஃப்.-2 மரபணுவை எட்டுவதில்லை, எச்-19 மட்டும் இயங்குகிறது. தந்தையின் பிரதியில் அதே கட்டுப்பாட்டுப் பகுதியில் மெத்தில் ஏறியிருப்பதால் அந்தப் புரதத்தால் அமர முடிவதில்லை. தடுப்பு இல்லாததால் ஐ.ஜி.எஃப்.-2 இயங்குகிறது.

மெத்தில் என்றாலே மரபணு அணைந்துவிடும் என்று பல விளக்கங்களில் எழுதிவிடுகிறார்கள். இங்கே மெத்தில் ஏறிய பிரதியில்தான் ஐ.ஜி.எஃப்.-2 இயங்குகிறது. முத்திரை ஒரு குறி மட்டுமே. அந்தக் குறியை எந்தப் புரதம் எப்படிப் படிக்கிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது.

இந்த ஒரு பகுதி கெட்டால் என்ன ஆகும் என்பதை மனிதரில் நேரடியாகக் காணலாம். தாயின் பிரதியும் தந்தையின் பிரதியைப் போல நடந்துகொண்டால் வளர்ச்சித் தூண்டல் மிகுந்து, குழந்தை இயல்பைவிடப் பெரிதாகவும் நாக்கு பருத்தும் பிறக்கலாம். சிறுநீரகத்தில் தோன்றும் வில்ம்ஸ் கட்டிக்கான வாய்ப்பும் கூடுகிறது. இது பெக்வித்-வீடமன் நோய்க்குறி. தந்தையின் பிரதி தன் மெத்திலை இழந்து தாயின் பிரதியைப் போல நடந்துகொண்டால் குழந்தை மிகச் சிறிதாகப் பிறந்து மெதுவாக வளர்கிறது. இது சில்வர்-ரஸல் நோய்க்குறி. இரண்டு நோய்க்குறிகளுக்கும் வேறு காரணங்களும் உண்டு என்றாலும், ஒரே இடத்தில் நேரும் எதிரெதிர்ப் பிழைகள் எதிரெதிர் உடல்களைத் தருவது இந்த இயக்கமுறையைத் தெளிவாகக் காட்டுகிறது.

இப்படி ஓர் ஏற்பாடு ஏன் உருவாயிற்று

இரண்டு பிரதிகள் இருப்பதன் பெரிய பயன், ஒன்று பழுதானால் மற்றொன்று தாங்கும் என்பதே. அந்தப் பாதுகாப்பைத் தானே கைவிடும் ஏற்பாடு பரிணாமத்தில் நிலைத்திருக்கிறது என்றால் அதற்கு வலுவான காரணம் இருக்க வேண்டும். பரிணாம உயிரியலாளர் டேவிட் ஹெய்க் முன்வைத்த விளக்கத்தைப் பலர் ஏற்கிறார்கள். வயிற்றில் வளரும் கரு தாயின் உடலிலிருந்து ஊட்டம் பெறுகிறது. ஒரு பெண் விலங்கு தன் வாழ்நாளில் வெவ்வேறு ஆண்களுக்குக் குட்டி ஈனக்கூடும். தந்தை வழி வந்த மரபணுவுக்கு, இந்தக் குட்டி எவ்வளவு ஊட்டம் பெறுகிறதோ அவ்வளவு நன்மை; தாய் வழி வந்த மரபணுவுக்கோ, தாயின் உடல் அடுத்த குட்டிகளுக்கும் தாங்க வேண்டும். எனவே தந்தை வழி இயங்கும் மரபணுக்கள் வளர்ச்சியைத் தூண்டுபவையாகவும், தாய் வழி இயங்குபவை அதை மட்டுப்படுத்துபவையாகவும் அமையும் என்று இக்கோட்பாடு எதிர்பார்க்கிறது.

எலியில் இதற்கு மிகப் பொருத்தமான சான்று உண்டு. தந்தை வழி இயங்கும் ஐ.ஜி.எஃப்.-2 வளர்ச்சிப் புரதத்தை உருவாக்குகிறது. அந்தப் புரதத்தைப் பிடித்துச் சிதைக்கும் ஏற்பியின் மரபணுவோ தாய் வழி மட்டும் இயங்குகிறது. இங்கே தந்தையும் தாயும் எதையும் விரும்புவதாகவோ திட்டமிடுவதாகவோ பொருளில்லை. எந்த மரபணு வடிவம் அதிகச் சந்ததியில் எஞ்சியது என்ற கணக்கு மட்டுமே.

தாவரங்களில் முத்திரையிடல் எங்கே காணப்படுகிறது என்பது இந்த விளக்கத்துக்கு மேலும் வலுச் சேர்க்கிறது. பூக்கும் தாவரங்களில் அது பெரும்பாலும் விதைக்குள் கருவுக்கு ஊட்டமளிக்கும் முளைசூழ்தசையில் நடைபெறுகிறது. நாம் சோறாக உண்ணும் அரிசியின் பெரும்பகுதியும், தேங்காயின் பருப்பும் இளநீரும் அந்தத் திசுவே. பாலூட்டியின் நஞ்சுக்கொடியும் விதையின் முளைசூழ்தசையும் தனித்தனியே தோன்றியவை. ஆனால் இரண்டுமே தாயிடமிருந்து பிள்ளைக்கு ஊட்டம் கடத்தும் இடங்கள்.

15-ஆம் குரோமோசோம்: ஒரே இடம், இரண்டு நோய்கள்

1956-ல் ஜூரிக் நகரின் பிராடர், லாப்ஹார்ட், வில்லி ஆகிய மருத்துவர்கள் ஒரு வகைக் குழந்தைகளை விவரித்தார்கள். பிறந்தவுடன் உடல் துவண்டிருக்கும், பால் உறிஞ்சவும் வலுவிருக்காது. சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழாக மாறி, எவ்வளவு உண்டாலும் அடங்காத பசி தொடங்கி, கட்டுப்படுத்தாவிட்டால் உடல் மிகவும் பருக்கும். உயரம் குறைவு, சிறிய கைகால்கள், பருவ வளர்ச்சிக் குறைவு, கற்றலில் சிரமம் ஆகியவையும் சேரும். இது இன்று பிராடர்-வில்லி நோய்க்குறி எனப்படுகிறது. 1965-ல் இங்கிலாந்தின் குழந்தை மருத்துவர் ஹாரி ஏஞ்சல்மேன் முற்றிலும் வேறான மூன்று குழந்தைகளைப் பற்றி எழுதினார். பேச்சு ஏறத்தாழ வருவதில்லை, நடை தள்ளாடுகிறது, வலிப்பு வருகிறது, அடிக்கடி சிரிப்பு மலர்கிறது. இது ஏஞ்சல்மேன் நோய்க்குறி.

இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆயினும் 1980-களில் குரோமோசோம்களைக் கூர்ந்து பார்த்தபோது, இரண்டு வகை நோயாளிகளிலும் 15-ஆம் குரோமோசோமின் அதே துண்டு காணாமல் போயிருந்தது. துண்டு ஒன்றாக இருக்க, நோய் எப்படி இரண்டாக முடியும்? விடை, அந்தத் துண்டு எந்தப் பெற்றோரின் குரோமோசோமில் இல்லை என்பதில் இருந்தது. தந்தையின் பிரதியில் இல்லாவிட்டால் பிராடர்-வில்லி. தாயின் பிரதியில் இல்லாவிட்டால் ஏஞ்சல்மேன். அந்தத் துண்டில் தந்தை வழி மட்டும் இயங்கும் மரபணுக்கள் பல உள்ளன. தாய் வழி மட்டும் இயங்கும் யூ.பி.இ.3ஏ என்னும் மரபணுவும் அங்கேயே இருக்கிறது. அதிலும் இந்த மரபணு மூளையின் நரம்பு செல்களில்தான் தாய்ப் பிரதியை மட்டும் நம்பியிருக்கிறது. உடலின் பிற பகுதிகளில் இரண்டு பிரதிகளும் இயங்குகின்றன. ஏஞ்சல்மேன் நோய் பெரிதும் நரம்பு மண்டலத்தின் நோயாக இருப்பது இதனால்தான்.

துண்டு காணாமல் போகாமலும் இந்நோய்கள் வரலாம் என்று 1989-ல் தெரியவந்தது. பிராடர்-வில்லி நோயுள்ள சிலரிடம் 15-ஆம் குரோமோசோம்கள் இரண்டும் முழுமையாக இருந்தன. ஆனால் இரண்டுமே தாயிடமிருந்து வந்தவை. முட்டை உருவாகும்போது குரோமோசோம் பிரிவதில் பிழை நேர்ந்து கருவில் மூன்று பிரதிகள் சேர்ந்து, பின்னர் கரு தன்னைச் சரிசெய்துகொள்ள ஒன்றை இழக்கும்போது, தந்தையின் ஒரே பிரதியே போய்விடுவதால் இது நேர்கிறது. பிராடர்-வில்லி நோயாளிகளில் ஏறத்தாழ கால் பங்கினர் அல்லது சற்றுக் கூடுதலானோர் இந்த வகையினர். பெரும்பான்மையினருக்குத் தந்தைப் பிரதியில் துண்டு இழப்பு. மிகச் சிலருக்கு முத்திரையே தவறாக எழுதப்பட்டிருக்கிறது.

துண்டு இழப்பும், இரண்டு பிரதிகள் ஒருவரிடமிருந்தே வருவதும், அநேகமாக எல்லாக் குடும்பங்களிலும் முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது தற்செயலாக நேர்பவை. "தாய்ப் பிரதி இல்லை" என்று மருத்துவ அறிக்கையில் எழுதியிருப்பதைத் தாயின் குறை என்று உறவினர் படித்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த வாசகம் குரோமோசோமின் வழியைக் குறிக்கிறது. தாய் உண்டதையோ செய்ததையோ குறிக்கவில்லை.

ஆண்கள் வழியாக மறைந்து செல்லும் பிழை

ஏஞ்சல்மேன் நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு யூ.பி.இ.3ஏ மரபணுவின் எழுத்திலேயே பிழை இருக்கிறது. இந்த வகை சில குடும்பங்களில் பரம்பரையாக வருகிறது. வரும் விதம் முதலில் புதிராகத் தோன்றும். ஒரு ஆணுக்கு அந்தப் பிழை உள்ளது என்று கொள்வோம். அவர் தன் தந்தையிடமிருந்து அதைப் பெற்றிருந்தால் அவருக்கு நோய் இருக்காது, ஏனெனில் மூளையில் அந்தப் பிரதி எப்படியும் படிக்கப்படுவதில்லை. அவருடைய மகளுக்கும் மகனுக்கும் பிழை போனாலும் அதே காரணத்தால் இருவரும் நலமாகவே இருப்பார்கள். ஆனால் அந்த மகள் தாயாகும்போது முத்திரை மாறுகிறது. அதுவரை தந்தைப் பிரதியாக அடங்கியிருந்த அதே பிழை, இப்போது தாய்ப் பிரதியாக அவள் குழந்தைக்குச் செல்கிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் அது போக 50 சதவீத வாய்ப்பு. போனால் நோய் வெளிப்படும். அவளுடைய அண்ணனின் குழந்தைகளுக்கோ நோய் வருவதில்லை.

முத்திரையிடலை ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்ற பழைய பாடத்தோடு குழப்புபவர்களுக்கு இந்தக் குடும்ப மரமே சிறந்த விடை. ஒடுங்கு மரபணு எந்தப் பெற்றோரிடமிருந்து வந்தாலும் ஒடுங்கியே இருக்கும். இங்கே மரபணு மாறவில்லை, கடந்து வந்த உடலின் பாலினம் மாறியது.

அறிவும் பசியும்: இரண்டு செய்திகளைப் பற்றி

"அறிவு தாயிடமிருந்து" என்ற செய்திக்கு ஒரு வேர் உண்டு. 1990-களில் கேம்பிரிட்ஜில், தாய் மரபுப் பொருள் மட்டும் கொண்ட சில செல்களை இயல்பான எலிக் கருவோடு கலந்து வளர்த்தபோது, அவை மூளையின் புறணிப் பகுதியில் அதிகம் சேர்ந்தன. தந்தை மரபுப் பொருள் மட்டும் கொண்டவை பசி, இனச்சேர்க்கை முதலியவற்றோடு தொடர்புடைய ஆழ்ந்த பகுதிகளில் சேர்ந்தன. முத்திரையிடப்பட்ட மரபணுக்கள் மூளை வளர்ச்சியில் பங்கெடுக்கின்றன என்பதே அதன் முடிவு. அறிவுத்திறனில் செல்வாக்குச் செலுத்தும் மரபணுக்கள் மிகப் பல. அவை எல்லாக் குரோமோசோம்களிலும் பரவியுள்ளன. பெரும்பாலானவற்றில் இரு பெற்றோரின் பிரதிகளும் இயங்குகின்றன.

பசியைப் பற்றிய செய்தி, 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஏற்பட்ட பஞ்சத்தோடு தொடர்புடையது. அப்போது கருவில் இருந்தவர்களை அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, பஞ்சத்தின்போது கருத்தரிக்கப்பட்டவர்களிடம் ஐ.ஜி.எஃப்.-2 மரபணுவின் ஒரு பகுதியில் மெத்தில் சற்றுக் குறைவாக இருந்தது என 2008-ல் வெளியிட்டார்கள். இது கருவில் நேரடியாகப் பஞ்சத்தைச் சந்தித்தவர்களின் உடலில் கண்ட மாற்றம். பெற்றோர் முத்திரைகளோ, முன்பே பார்த்தபடி, ஒவ்வொரு தலைமுறையிலும் அழித்து எழுதப்படுகின்றன. பாட்டியின் அனுபவத்தைப் பேரனுக்குக் கொண்டுசெல்லும் ஏடாக முத்திரையிடலைச் சொல்வது அதன் அடிப்படை இயல்புக்கே முரணானது.

கண்டறிதலும் சிகிச்சையும்

பிறந்த குழந்தை காரணமின்றித் துவண்டிருந்தால், இரத்தத்திலிருந்து டி.என்.ஏ. எடுத்து 15-ஆம் குரோமோசோமின் மெத்தில் குறிகளைப் பார்க்கும் பரிசோதனை செய்யப்படுகிறது. இயல்பாக, மெத்தில் ஏறிய பிரதி ஒன்றும் ஏறாத பிரதி ஒன்றும் தெரிய வேண்டும். தாய்க்குரிய வகை மட்டும் தெரிந்தால் பிராடர்-வில்லி. இந்த ஒரு பரிசோதனை அந்நோயாளிகளில் 99 சதவீதத்துக்கும் மேலானவர்களைக் கண்டுபிடித்துவிடும். ஏஞ்சல்மேன் நோயில் ஏறத்தாழ 80 சதவீதத்தினர் இதில் தெரிவார்கள்; யூ.பி.இ.3ஏ எழுத்துப் பிழை உள்ளவர்களுக்கு மெத்தில் குறிகள் சரியாகவே இருப்பதால், அவர்களுக்கு அந்த மரபணுவைத் தனியே படித்துப் பார்க்க வேண்டும். எந்த வகை என்று அறிவது அடுத்த குழந்தையைப் பற்றிய கேள்விக்கு மிக முக்கியம். தற்செயலான துண்டு இழப்பாக இருந்தால் மீண்டும் நேரும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. பரம்பரைப் பிழையாக இருந்தால் அது 50 சதவீதம் வரை உயரும். அறிக்கையை மரபியல் ஆலோசகரிடம் காட்டாமல் குடும்பமே முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

பிராடர்-வில்லி குழந்தைகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி உயரத்தையும் தசை வலிமையையும் மேம்படுத்துகிறது. இளமையிலேயே உணவைக் கட்டுப்பாட்டில் வைப்பது வாழ்நாளை நீட்டிக்கிறது. ஏஞ்சல்மேன் நோயில் ஆய்வாளர்களின் நம்பிக்கை வேறோர் இடத்தில் இருக்கிறது. தாய்ப் பிரதி இல்லாத அந்தக் குழந்தைகளின் ஒவ்வொரு நரம்பு செல்லிலும், தந்தையின் யூ.பி.இ.3ஏ பிரதி அநேகமாக எழுத்துப் பிழையின்றி முழுமையாக இருக்கிறது. அதன் எதிர்த் திசையில் படியெடுக்கப்படும் ஒரு நீண்ட ஆர்.என்.ஏ., அதாவது டி.என்.ஏ.வின் எழுத்தைப் பார்த்து எடுக்கப்படும் படி, அதை அடக்கி வைத்திருக்கிறது. அந்த ஆர்.என்.ஏ.வைத் தேடிப் பிடித்துச் சிதைக்கும் சிறு மூலக்கூறுகளை எலிகளுக்குச் செலுத்தியபோது, அடங்கியிருந்த தந்தைப் பிரதி இயங்கத் தொடங்கியதாக 2015-ல் அறிவித்தார்கள். அதே முறையில், மருந்தை முதுகெலும்பின் நீர்மத்தில் செலுத்தி ஏஞ்சல்மேன் குழந்தைகளிடம் சோதிக்கும் ஆய்வுகள் இப்போது நடைபெற்று வருகின்றன. அந்தப் புரதம் அளவுக்கு மீறினாலும் மூளைக்குத் தீங்கு என்பதால், எவ்வளவு மருந்து, எந்த வயதில், எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை என்பதை அவற்றில் அளந்து பார்க்கிறார்கள்.